போர் தண்ணி வெள்ளைப் படிவு: கெட்டில், குழாய், மேடைக்கல், இட்லிக் குண்டான் – எதுக்கு எதைப் போடலாம்?

கீழ்க்கட்டளை_வாசி

வணக்கம். வாடகை வீடு. சமையலறையில் முழுக்க போர் தண்ணி, டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கறது) 1100 காட்டுது. ஒவ்வொரு இடத்துலயும் கறை ஒவ்வொரு விதமா இருக்கறதால மொத்தமா எழுதிடறேன்.

ஒன்றரை லிட்டர் ஸ்டீல் கெட்டில் அடியில் வெள்ளைத் தகடு, நகத்தால் சுரண்டினா செதில் செதிலா வருது. சிங்க் குழாய் குரோம். நுனியில் வெள்ளையும் லேசான பச்சையுமா கட்டி, தண்ணி மூணு பக்கம் பீய்ச்சுது. மேடை கறுப்புக் கல், கிரானைட்டா கடப்பாவான்னு தெரியல, குழாயடியில் ஒரு வெள்ளை வளையம். அலுமினிய இட்லிக் குண்டானுக்குள்ள தண்ணி நிக்கிற மட்டம் வரைக்கும் கறுப்பு. கண்ணாடி டம்ளர் எல்லாம் மங்கல்.

எலுமிச்சை மூடியால தேய்ச்சா ஈரத்துல பளிச்சுன்னு இருக்கு, காய்ஞ்சதும் திரும்ப வெள்ளை. பேக்கிங் சோடா மேல வினிகர் ஊத்தினா நுரை நல்லாப் பொங்குது, படிவு அசையல. ஹார்டுவேர் கடையில் "ஆசிட் ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போங்க"ங்கறாங்க. வீட்டு ஓனர் பொருள் எதுவும் கெடக்கூடாது. மளிகைக் கடையில் கிடைக்கிறதை வச்சே முடியுமா? தயவுசெஞ்சு அளவோட சொல்லுங்க.

அரைப்படி

சோடா பத்தியிருக்காது. சோடாவைக் கெட்டியா பேஸ்ட் மாதிரி அப்பி, மேல வினிகர் ஊத்தி, ராத்திரி முழுக்க விடுங்க. எல்லா வீடியோலயும் அதான் காட்டறாங்க.

பிப்பெட்

மேலே அரைப்படி சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். கெட்டிலில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், கொஞ்சம் மெக்னீசியம். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். பேக்கிங் சோடா காரம். இரண்டையும் கலந்தால் வினிகரில் இருக்கிற அமிலத்தைச் சோடாவே தின்றுவிடும். நீங்கள் பார்க்கிற நுரை சோடாவிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு, படிவிலிருந்து வருவதில்லை. நுரை அடங்கிய பிறகு மிச்சம் இருப்பது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அதை ராத்திரி முழுக்க விட்டாலும் சரி, ஒரு வாரம் விட்டாலும் சரி.

சோடாவுக்கு வேறு வேலை இருக்கிறது. சமையலறைப் படிவின் மேல் எண்ணெய் ஒரு மெல்லிய தோலாக உட்கார்ந்திருக்கும், அமிலம் அதைத் தாண்டி உள்ளே போகாது. சிங்க், குழாய், மேடை எல்லாவற்றிலும் முதலில் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டு எண்ணெயை எடுங்கள், தேவைப்பட்டால் அங்கே சோடா போடலாம். நன்றாக அலசிவிட்டு அதன் பிறகுதான் அமிலம். பாதிப் பேருக்கு "வினிகர் வேலை செய்யவில்லை" என்று தோன்றுவது இந்த ஒரு படியை விடுவதால்.

இனி அளவு. 10 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கக் கணக்குப்படி சுமார் 14 கிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும், அல்லது 4 சதவீத வினிகர் 300 மில்லி. கடையில் விற்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம், லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தில் சாறு 30 மில்லி வந்தால் அதில் சிட்ரிக் அமிலம் ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் இருக்கும். அதாவது ஒரு பழம் ஒரு கிராம் படிவைத்தான் கரைக்கும். உங்கள் கெட்டில் அடி 14 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டு, படிவு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் 20 கிராம் வரை வரும். இருபது பழம் பிழிவீர்களா? அதனால்தான் எலுமிச்சை மூடி வைத்துத் தேய்த்தால் மேல் பூச்சு மட்டும் போகிறது. ஈரத்தில் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், சொரசொரப்பான மேற்பரப்பைத் தண்ணீர் நிரப்பிக்கொள்வது. காய்ந்ததும் உண்மை தெரிந்துவிடும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் அமிலம் அதுதான். ஜாம், ஸ்குவாஷ் போடுகிறவர்கள் வாங்குவது. 100 கிராம் வாங்கினால் உங்கள் சமையலறை முழுக்க முடியும்.

கெட்டிலுக்கு: 40 கிராம், அதாவது தலை தட்டிய மூன்று மேசைக்கரண்டி. தனிப் பாத்திரத்தில் 750 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்துவிட்டுப் பிறகு கெட்டிலில் ஊற்றுங்கள். சூடான கெட்டிலில் பொடியை நேரே கொட்டினால் பொங்கி வழிந்து கைப்பிடிப் பக்கம் சுவிட்சுக்குள் போய்விடும். கெட்டிலை ஆன் செய்து, கை பொறுக்கிற சூட்டைக் கொஞ்சம் தாண்டியதும் அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு உப்பு வெள்ளைப் பொடியாகப் பிரிந்து அடியில் படியும், ஒரு படிவை எடுத்து இன்னொரு படிவை வைத்த கதையாகிவிடும்.

30 முதல் 40 நிமிடம் விடுங்கள். இடையில் கவனிக்க வேண்டியது குமிழ். குமிழ் வருகிற வரை அமிலம் வேலை செய்கிறது. குமிழ் நின்றுபோய் அடி சுத்தமாக இருந்தால் முடிந்தது. குமிழ் நின்றும் வெள்ளை மிச்சம் இருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதையே இன்னும் ஊறப் போடுவதில் பயனில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்து ஊற்றுங்கள். கரண்டியால், கத்தியால் சுரண்ட வேண்டாம். வாயில் இருக்கிற சின்ன வலையைக் கழற்றி அதே கரைசலில் போடுங்கள். கடைசியில் மூன்று முறை அலசி, முழுக்கத் தண்ணீர் வைத்து ஒரு முறை கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டால் குடிக்கப் பயன்படுத்தலாம். மின் இணைப்பு இருக்கிற அடிப்பாகத்தைத் தண்ணீரில் முக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

வினிகர்தான் கையில் இருக்கிறது என்றால் 500 மில்லி வினிகர், 250 மில்லி தண்ணீர், ஒரு மணி நேரம். வேலை நடக்கும், ஆனால் வாசனை போக இரண்டு மூன்று முறை கொதிக்க வைத்துக் கொட்ட வேண்டியிருக்கும்.

குழாய்_வேலை

குழாய்க்கு நான் சொல்றேன். கெட்டில் கணக்கு இங்க ஆகாது. கெட்டில் உள்பக்கம் வெறும் ஸ்டீல். குழாய் பித்தளை, அதுக்கு மேல நிக்கல், அதுக்கு மேல மெல்லிசா குரோம். நுனியில பச்சை தெரியுதுன்னா குரோம் எங்கயோ விட்டுப்போய் பித்தளை வெளிய வந்திருக்கு. அந்த இடத்துல ராத்திரி முழுக்க வினிகர் துணி சுத்தி வச்சீங்கன்னா காலையில குரோம் உரிஞ்சுதான் கிடக்கும்.

செய்ய வேண்டியது: வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி. பழைய காட்டன் துணியையோ டிஷ்யூ பேப்பரையோ நனைச்சுப் பிழிஞ்சு குழாய்ல சுத்துங்க, காயாம இருக்க மேல ஒரு பாலிதீன் கவர், ரப்பர் பேண்ட். 20 நிமிஷம், மிஞ்சிப்போனா 30. எடுத்துட்டு பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு நிறையத் தண்ணி விட்டு அலசித் துடைங்க. மிச்சம் இருந்தா நாளைக்கு இன்னொரு தடவை. தடிச்ச படிவுக்கு மூணு நாள் மூணு தடவைங்கறதுதான் சரியான வழி, ஒரே தடவையா மூணு மணி நேரம் இல்ல. மேட் பிளாக், கோல்டு கலர் குழாய்னா அமிலமே வேண்டாம், சோப்புத் தண்ணியோட நிறுத்திக்கங்க.

தண்ணி மூணு பக்கம் பீய்ச்சறது நுனியில இருக்கற சல்லடையால. அதைக் கழட்டித்தான் ஆகணும், வெளிய தேய்ச்சா தீராது. கீழ இருந்து நிமிர்ந்து பார்த்தா இடப்பக்கமா, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுத்தணும். மேல நின்னு பார்க்கறப்போ அது நேர்த்திசையாத் தெரியும், அதுலதான் நிறையப் பேர் இறுக்கி மரையை உடைக்கறாங்க. கையால வரலைன்னா சின்ன பாலிதீன் பையில வினிகர் ஊத்தி நுனி முங்கற மாதிரி கட்டி அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் துணி சுத்தி, அதுக்கு மேல பிளையர். துணி இல்லாம பிளையர் வச்சா குரோம்ல பல் பதியும்.

கழட்டினதும் பிரிக்கறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க. வெளிக்கூடு, வலை, பிளாஸ்டிக் உள்பாகம், மேல ரப்பர் வாஷர். இந்த வரிசை மாறினாலோ வலை தலைகீழாப் போனாலோ தண்ணி திரும்பவும் கோணலாத்தான் வரும். வாஷரை மட்டும் எடுத்துத் தனியா வச்சிட்டு மத்ததை ஒரு டம்ளர் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு கலந்து போடுங்க. வலை, பிளாஸ்டிக் ஒரு மணி நேரம் ஊறலாம், குரோம் கூடு அரை மணியில வெளிய வந்துடணும். வலைக்கண்ணுல மண் துகள் இருந்தா அது அமிலத்துல கரையாது, ஊசியால தள்ளுங்க. மாட்டறப்போ கையிறுக்கம் போதும். வலை கிழிஞ்சிருந்தா புதுசு வாங்கப் போறப்போ பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க, ஆண் மரை பெண் மரைன்னு ரெண்டு வகை இருக்கு.

ஆசிட் பாட்டில் பத்தி. ஹார்டுவேர் கடையில குடுக்கறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். படிவு ஒரு நிமிஷத்துல போகும், உண்மைதான். கூடவே ஸ்டீல் சிங்க்ல ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி விழும், அப்புறம் அது ஓட்டையாகும், அதுக்கு வைத்தியமே கிடையாது. ஊத்தக்கூட வேண்டாம், மூடி சரியா மூடாத பாட்டிலை சிங்க்குக்கு அடியில வச்சாலே அந்த ஆவியில கதவு கீல், கத்தி, கரண்டி எல்லாம் துருப்பிடிக்கும். கெட்டில்ல நினைச்சும் பார்க்காதீங்க. இன்னொண்ணு: வினிகரோ எலுமிச்சை உப்போ ஆசிடோ, எந்த அமிலத்தையும் ப்ளீச்சோட, ப்ளீச்சிங் பவுடரோட சேர்க்காதீங்க. குளோரின் வாயு வரும், மூடின சமையலறையில அது மூச்சை அடைக்கும்.

கல்தச்சன்

மேடை என்ன கல்லுன்னு தெரியாம யாரும் அதுல ஒரு சொட்டுப் புளிப்பும் விடாதீங்க. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. நீங்க எடுக்க நினைக்கிற படிவும் கல்லும் வேதியியல்படி சொந்தக்காரங்க. படிவைத் தின்கிற அமிலம் கல்லையும் தின்னும். கறுப்புப் பாலிஷ் போய் சாம்பல் நிறத்துல ஒரு திட்டு விழும், அதைத் துடைச்சு எடுக்க முடியாது, திரும்ப பாலிஷ்தான் போடணும். மார்பிள், மொசைக் தரைக்கும் இதேதான்.

அடையாளம் கண்டுபிடிக்க: பகல் வெளிச்சத்துல பக்கவாட்டா பாருங்க. கிரானைட்ல மினுங்கற துகள் தெரியும். கடப்பா ஒரே நிறமா இருக்கும், வெட்டின ஓரத்துல அடுக்கு அடுக்கா தெரியும். இன்னும் சந்தேகம்னா காஸ் சிலிண்டர் பக்கம், கண்ணுல படாத மூலையில ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சுத் துடைங்க. குமிழ் வந்தாலோ மங்கினாலோ கடப்பா.

கிரானைட்னா: எண்ணெய் எடுத்த பிறகு அரை லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு, டிஷ்யூ பேப்பரை நனைச்சு வளையத்து மேல மட்டும் 10 நிமிஷம், அப்புறம் பழைய ஏடிஎம் கார்டு விளிம்பால தள்ளுங்க. கல் இணைப்புல வெள்ளை சிமென்ட் இருந்தா அங்க படாம பார்த்துக்கங்க, அரிச்சிடும்.

கடப்பான்னா அமிலம் முழுக்க விலக்கு. ஈரத்துணியை ஒரு மணி நேரம் போட்டு ஊற வச்சு, கார்டால தள்ளணும். அதுக்கும் வராத கெட்டிப் படிவுக்கு 600 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைச்சுத் தேய்க்கற உப்புத்தாள்), தண்ணி விட்டுக்கிட்டே, அழுத்தாம, படிவு மேல மட்டும். கல் தெரிஞ்சதும் நிறுத்திடணும். முடிஞ்சதும் சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவித் துடைச்சா நிறம் ஒண்ணாயிடும், சில நாள்தான் நிக்கும்.

கம்பி நார் எந்தக் கல்லுக்கும் வேண்டாம், ஸ்டீல் சிங்குக்கும் வேண்டாம். அது விடற இரும்புத் துணுக்கு அங்கேயே துருப்பிடிச்சு, சிங்க்கே துருப்பிடிச்ச மாதிரி தெரியும்.

கீழ்க்கட்டளை_வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கல் ஓரத்துல அடுக்கு தெரியுது, சொட்டு விட்ட இடமும் மங்கிடுச்சு. கடப்பாதான். கெட்டில் முக்கால்வாசி சுத்தம், ஆனா அடியில் வெண்பொடி கொஞ்சம் ஒட்டியிருக்கு, நடுவுல பழுப்பா ஒரு திட்டு. டம்ளரை எலுமிச்சை உப்புத் தண்ணியில் ஒரு மணி நேரம் போட்டும் ரெண்டு டம்ளர் அப்படியே மங்கலா இருக்கு. குண்டான், குக்கர் பத்தி யாராவது சொல்லுங்க.

பிப்பெட்

வெண்பொடி கால்சியம் சிட்ரேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்; சூடு கூடியிருக்கும், அல்லது அமிலம் தீர்ந்த பிறகும் கரைசல் உள்ளேயே கிடந்திருக்கும். புதிதாக 20 கிராம் எலுமிச்சை உப்பை அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சூடாக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். அமிலம் மிகுதியாக இருந்தால் அதுவும் கரையும். மிருதுவான ஸ்பாஞ்சால் ஒரு முறை துடைத்தால் போதும். பழுப்புத் திட்டு இரும்பு. போர் தண்ணீரில் கரைந்து வந்து படிவுக்குள் சிக்கியது. சிட்ரிக் அமிலம் இரும்பையும் பிடித்து இழுக்கும், அதே கரைசலிலேயே வெளுத்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் வினிகரைவிட இது மேல்.

டம்ளருக்கு: மங்கலாக இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கழுவி, நன்றாகக் காய விட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் தெளிந்தால் சுண்ணாம்புப் படிவு, இன்னும் ஊற வைக்கலாம். தெளியவில்லை என்றால் இரண்டில் ஒன்று. பச்சை நாரும் பவுடரும் போட்டுத் தேய்த்த கீறலாக இருக்கலாம். அல்லது சிலிக்கா, இல்லையென்றால் கால்சியம் சல்பேட் படிவாக இருக்கலாம். சிலிக்காவை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடிய எந்த அமிலமும் கரைக்காது, சல்பேட்டுக்கும் வினிகர் பெரிதாகப் பிடி கொடுக்காது. அந்த இரண்டு டம்ளரோடு போராட வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று, 1100 டிடிஎஸ் என்பது மட்டும் கடினத்தன்மையைச் சொல்லாது. அந்த மீட்டர் கரைந்திருக்கிற எல்லா உப்பையும் ஒன்றாகக் காட்டுகிறது. சமையலுப்பு அதிகமாக உள்ள தண்ணீரும் 1100 காட்டும், ஆனால் அதன் வெள்ளைத்தடம் ஈரத்துணிக்கே போய்விடும். கடினத்தன்மைக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கிற சின்ன கிட் தனியாகக் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 குடிநீருக்கு ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்றும் வைத்திருக்கிறது. உங்களுடையது 400க்கு மேல் என்றால் கெட்டிலை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 10 கிராம் எலுமிச்சை உப்போடு ஊற வைத்துக்கொண்டே இருங்கள். மெல்லிய படிவுக்கு 15 நிமிடம் போதும். தகடாகும் வரை விட்டால்தான் 40 கிராம், இரண்டு சுற்று எல்லாம். படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் அடித்தகட்டிலேயே தங்கும். கெட்டில் பாதியில் தானாக அணைவதற்கும் ஹீட்டர் சீக்கிரம் போவதற்கும் அது ஒரு காரணம்.

நாலாம்_விசில்

குண்டான் கறுப்பு அழுக்கு இல்ல, படிவும் இல்ல. கடினத் தண்ணி கொதிக்கறப்போ காரத்தன்மை ஏறும், அதுல அலுமினியத்தோட மேல்பூச்சு மாறிக் கறுத்துப்போகும். சபீனா போட்டுக் கை வலிக்கத் தேய்ச்சாலும் அடுத்த ஈட்டுக்குத் திரும்ப வரும். சோடா, சலவை சோடா போட்டா இன்னும் கறுக்கும்.

கறுப்பு எடுக்க: கறுத்த மட்டம் மூழ்கற அளவுக்குத் தண்ணி, லிட்டருக்கு ஒரு சின்ன எலுமிச்சம்பழ அளவு புளி, இல்லைன்னா ரெண்டு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு. மிதமான தீயில 10 நிமிஷம் கொதிக்க விட்டுக் கொட்டிடணும், கொதிச்ச தண்ணியை வேறெதுக்கும் வச்சுக்கக் கூடாது. ஊற வைக்கிற வேலையே வேண்டாம், அலுமினியத்துல அமிலம் நின்னா குழி விழும். தேங்காய் நார்ல லேசாத் தேய்ச்சாப் போதும்.

திரும்ப வராம இருக்க, ஒவ்வொரு தடவையும் இட்லித் தண்ணியில கொட்டைப்பாக்கு அளவு புளியோ பிழிஞ்ச எலுமிச்சை மூடியோ போடுங்க. சக்கையான புளியும் சரி, ரசத்துக்குக் கரைச்ச மிச்சம். குக்கர் அடித்தண்ணிக்கும் இதேதான். பழைய வழக்கம், காரணமும் சரியா இருக்கு: தண்ணி காரமாகாமப் பார்த்துக்குது.

குக்கர்ல அழகைவிட முக்கியம் விசில் நிக்கிற குழாய். கடினத் தண்ணியில அந்தத் துளை உள்ளுக்குள்ள சுருங்கும், அதோட பருப்பு நுரையும் சேர்ந்தா அடைப்பு. மூடியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுத் துளை வழியா பாருங்க, முழு வட்டமா வெளிச்சம் தெரியணும். தெரியலைன்னா மெல்லிய கம்பி விட்டுக் குத்தி, மேலயிருந்து தண்ணி ஊத்தி ஓடுதான்னு பார்த்துட்டுத்தான் அடுப்புல ஏத்தணும். வெயிட்டை மட்டும் தனியா எடுத்து வெதுவெதுப்பான எலுமிச்சை உப்புத் தண்ணியில 10 நிமிஷம் போடலாம். கேஸ்கட்டுக்கு சோப்புத் தண்ணி மட்டும். சேஃப்டி வால்வை ஊறப் போடாதீங்க, சுரண்டாதீங்க. அதுல வெள்ளை ஏறியிருந்தா அதே கம்பெனி வால்வு புதுசு வாங்கி மாத்தறதுதான்.

மோர்க்குழம்பு

புளிச்ச மோர் ஊத்தி வச்சா ஸ்டீல் பாத்திரம் பளிச்சுன்னு ஆகுமே, அதை யாரும் சொல்லலையே? கோலா பானம்கூட ஊத்தலாம்னு படிச்சேன்.

பிப்பெட்

மோர் சரிதான், லாக்டிக் அமிலம். ஆனால் ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கும். ஸ்டீல் டம்ளரில் புதிதாக விழுந்த வெள்ளைத்தடத்துக்கு ராத்திரி ஊற வைத்தால் போகும், கெட்டில் தகட்டுக்குப் பத்தாது. கெட்டிலில் மோர் ஊற்றினால் நாற்றம் வேறு. புளி செம்பு, பித்தளைக்கு அருமை. சுண்ணாம்புப் படிவுக்கு அவ்வளவு இல்லை, அதிலுள்ள டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகிவிடுகிறது. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சம், சர்க்கரை நிறைய. குழாயில் ஊற்றினால் எறும்புதான் முதலில் வரும்.

குழாய்_வேலை

ஆர்ஓ மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. கழிவுத் தண்ணியைப் பிடிச்சு பாத்திரம் கழுவறது நல்ல சிக்கனம்தான், ஆனா கடைசி அலசல் அதுல வேண்டாம். உள்ள போன தண்ணியைவிட அதுல உப்பு ஜாஸ்தி, ஸ்டீல் கண்ணாடி எல்லாத்துலயும் இன்னும் கெட்டியா வெள்ளை விழும். ஆர்ஓ தண்ணியைக் கெட்டிலுக்கு வைங்க, அங்க படிவே பெருசா வராது. மெஷினுக்குள்ள வினிகர், எலுமிச்சை உப்பு எதுவும் ஊத்தாதீங்க, உப்பை வடிகட்டற மெம்பிரேன் வேலை சர்வீஸ்காரங்களோடது.

அப்புறம் கடப்பா வளையம் வந்த காரணத்தைப் பாருங்க. குழாய் அடியில சொட்டு விழுந்து காய்ஞ்சு, விழுந்து காய்ஞ்சு வந்தது அது. குழாய்க்குள்ள தண்ணியை அடைக்கற ஸ்பிண்டில் வாஷரோ கார்ட்ரிட்ஜோ போயிருக்கும். அதை மாத்தாம கல்லை மட்டும் சுத்தம் பண்ணினா ஒரு மாசத்துல திரும்ப நிக்கும். வாஷர் போடறப்போ மெயின் வால்வை மூடிட்டு, உள்ள உட்கார்ற இடத்துல வெள்ளைத் துகள் இருந்தா துணியால துடைச்சிட்டுப் போடுங்க. துகள் மேல புது வாஷர் உட்கார்ந்தா முதல் வாரமே வெட்டுப்படும்.

கீழ்க்கட்டளை_வாசி

பச்சைத் தண்ணியில் வச்சதும் வெண்பொடி போயிடுச்சு, பழுப்பும் பாதி வெளுத்திருக்கு. குழாய் சொட்டறது உண்மைதான், வாஷர் வாங்கணும். கெட்டில்ல ஊற வச்ச கரைசலை என்ன பண்றது? நேரா சிங்க்ல ஊத்தலாமா?

பிப்பெட்

ஊற்றலாம், ஆனால் அதற்கு முன் இன்னொரு வேலை வாங்கலாம். ஒரு சொட்டைச் சிங்க் ஓரத்து வெள்ளையில் விட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் இன்னும் அமிலம் மிச்சம் இருக்கிறது. எண்ணெய் போகக் கழுவின சிங்க் ஜாலியை ஒரு கிண்ணத்தில் வைத்து அதன் மேல் இதை ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஊற்றும்போது கடப்பா மேடையில் சிந்தாமல், கிண்ணத்தைச் சிங்க்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாக்கடைக் குழாயில் ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் மட்டும் அங்கே ஊற்றாதீர்கள், மறுநாள் நிறையத் தண்ணீர் விட்ட பிறகு ஊற்றுங்கள்.